இடதுகையில் ஒரு தெரு

1969 ஒக்டோபர் 22ஆம் திகதி இரவு, கோப்பன்ஹேகன் நகரின் மொன்மார்த்ர ஜாஸ் விடுதியில் முப்பத்தைந்து வயதுத் தென்னாப்பிரிக்கர் ஒருவர் பியானோவின் முன் தனியே அமர்ந்தார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, சக்ஸபோன் இல்லை. அன்றைய வாசிப்பு ஒலிப்பதிவாகி, 1973இல் 'ஆபிரிக்கன் பியானோ' என்ற பெயரில் ஜாப்போ நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. உறையில் இருந்த பெயர் டொலர் பிராண்ட். கேப்டவுனில் பிறந்தபோது அடோல்ஃப் ஜோஹான்னஸ் பிராண்ட்; 1968இல் இஸ்லாத்தைத் தழுவிய பின் அப்துல்லா இப்ராஹிம். உலகம் இன்று அவரை அறிவது இந்தக் கடைசிப் பெயரால்.

எழுபதுகளின் நடுவில் அந்தத் தட்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. கப்பலில் வேலைசெய்த சித்தப்பா, ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் வாங்கி, சாரங்களுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். 1983 யூலையில் அந்த வீட்டோடு அதுவும் போயிற்று.

இசையைச் சொல்வதானால், அது போகவில்லை. ரொறொன்ரோவில் என் வீட்டில் எந்நேரமும் அதைக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறேன். ஊசி உரசும் சத்தம் இல்லாமல், துல்லியமாக வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் ஏதோ குறைகிறது. என்ன குறைகிறது என்பதை இத்தனை வருடங்களுக்குப் பிறகாவது எழுதிவைக்க விரும்புகிறேன்.

அந்தத் தட்டைக் கேளாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லவேண்டும். முதற்பக்கம் 'பிரா ஜோ ஃப்ரம் கிளிமஞ்சாரோ' என்ற நீண்ட உருப்படியோடு தொடங்குகிறது. இடதுகை தாழ்ந்த சுரங்களில் ஒரு சிறிய சுற்றைப் பிடிக்கிறது. பிடித்தால் விடுவதில்லை. திரும்பத் திரும்ப அதே சுற்று. உரலில் இருவர் மாறிமாறி நெல் குற்றும்போது எழுகிற, இடைவெளியே தெரியாத அந்த ஒழுங்கு. அதன்மேல் வலதுகை பேசத் தொடங்குகிறது. சில இடங்களில் தேவாலயப் பாட்டு, சில இடங்களில் அடுக்கடுக்காக மோதும் சுரக்கொத்துகள், திடீரென்று தெருவில் நடந்துபோகிற ஒருவன் முணுமுணுப்பதைப் போன்ற எளிய மெட்டு. ஓர் உருப்படி முடிந்து மற்றது தொடங்கும் இடம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கைகள் ஓய்வதில்லை. விடுதியில் இருப்பவர்களின் சலசலப்பும் உள்ளே கேட்கும். மனிதர்கள் சூழ இருக்கும்போது வாசிக்கப்பட்ட இசை அது, அதை எவரும் மறைக்க முயலவில்லை.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. ஒழுங்கை முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் பாறை, கடல். பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஓடும்போது சன்னல் கண்ணாடி அதிரும். தட்டின் ஊசி துள்ளிவிடாமல் அம்மா மேசைக் காலுக்கு அடியில் சாக்கு மடித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு பறங்கி அம்மையார். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் பியானோ ரீச்சர். லண்டன் ட்ரினிட்டி கல்லூரிப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வார். கடற்காற்றின் உப்பு அவருடைய பழைய பியானோவின் தந்திகளைத் தின்றுகொண்டிருந்தது. எத்தனை முறை சுருதி கூட்டினாலும் மழைக்காலத்தில் இறங்கிவிடும். அந்தச் சற்றே இறங்கிய சுருதிதான் நான் அறிந்த பியானோவின் குரல்.

சித்தப்பா கொண்டுவந்த தட்டை முதன்முதலில் போட்ட பின்னேரம், ரீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கேட்டார். "தம்பி, அந்த லெஃப்ட் ஹாண்ட் திரும்ப ஒருக்கால் போடுமன்" என்றார். போட்டோம். அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து அதே சுற்று வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வாசித்துவிட்டு, அதன் நடையை மாற்றி ஆறு எண்ணிக்கையில் ஆடவிட்டார். வலதுகையில் தன் தாயார் மட்டக்களப்பில் கலியாண வீடுகளில் ஆடிய கபிரிஞ்ஞா மெட்டு ஒன்றை மேலே வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தின. பிறகு எங்களைப் பார்த்து, "இது எங்களிடம் முந்தியே வந்தது பிள்ளை" என்றார்.

அவர் சொன்னதன் ஆழம் எனக்கு விளங்கப் பல காலம் எடுத்தது. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதர்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் போர்வீரர்களாக, பலர் அடிமைகளாக. அவர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் இன்றும் வாழ்கிறார்கள். மாஞ்சா என்னும் தங்கள் பாடல்களை ரபானும் போத்தலும் கரண்டியும் தேங்காய்ச் சிரட்டையும் தட்டிப் பாடுகிறார்கள். அந்தத் தாளமும் போர்த்துக்கேயப் பாட்டும் கலந்து கபிரிஞ்ஞா ஆனது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் அதை வயலினோடும் கிற்றாரோடும் காத்தார்கள். அதிலிருந்து பைலா கிளைத்தது. பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன்ஸ் சிங்களத்தில் பைலாவை நாட்டுக்கே உரிய பாட்டாக்கினார். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் அந்த ஆட்டம் தமிழுக்கும் வந்தது. நித்தி கனகரத்தினம் பாடினார். 'சின்ன மாமியே' வீட்டுக்கு வீடு ஒலித்தது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல்கடந்து தமிழ்நாட்டையே ஆடவைத்தது. பொப் இசை என்று நாங்கள் கொண்டாடியதன் காலடியில் இருந்த ஆறு எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை. பியானோ ரீச்சர் கேட்டிருந்தார், விடையையும் அறிந்திருந்தார்.

விடுமுறை வந்தால் நான் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் நிற்பேன். தட்டும் என்னோடு வரும், துணிப்பையில். வெள்ளவத்தையின் தமிழும் கொட்டாஞ்சேனையின் தமிழும் ஒன்றல்ல. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணம் அரைவாசி. கொட்டாஞ்சேனையில் கொழும்புச் செட்டி, பரவர், மலையாளி, பறங்கி, சிங்களக் கத்தோலிக்கர் என்று ஒரு முடுக்கிலேயே ஐந்து விதமாகப் பேசுவார்கள், ஒருவர் மொழியில் மற்றவர் பகிடி விடுவார்கள். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் எந்த மொட்டைமாடியிலிருந்தும் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் பெரியம்மா கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவார். சைவக்காரரும் பௌத்தரும் முஸ்லிம்களும் அந்த வரிசையில் நின்று மெழுகுதிரி ஏற்றுவார்கள். பெரியம்மாவின் மூத்த மகன், என் அண்ணா, கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவருக்கு அந்தத் தட்டில் இரண்டாம் பக்கம்தான் பிடிக்கும். 'ஜபுலானி' என்ற உருப்படிக்கு ஈஸ்டர் மகிழ்ச்சி என்று உறையில் துணைப்பெயர் இருந்தது. "பார், இவன் பூசைக்கு வாசித்துப் பழகினவன்" என்பார்.

அண்ணா சரியாகவே ஊகித்திருந்தார். அப்துல்லா இப்ராஹிமின் பாட்டி கேப்டவுனில் ஆபிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். தாயாரும் பியானோ வாசிப்பவர். வீட்டுக்குள் தேவாலயப் பாட்டு. வெளியே ஜொஹான்னஸ்பேர்க் சேரிகளில் பிறந்த மராபி, மூன்று நான்கு சுரக்கொத்துகளை முடிவில்லாமல் சுற்றவிடும் குடிமனை இசை. துறைமுகத்தில் அமெரிக்க மாலுமிகள் விற்ற ஜாஸ் தட்டுகள். அவற்றை வாங்குவதற்காக டொலர் வைத்துக்கொண்டு அலைந்ததால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். இவற்றோடு கேப்டவுனின் கூமா, பீப்பாயில் தோல் கட்டி முழக்கும் தாளம், அடிமைகளின் வாரிசுகள் ஆண்டுதோறும் ஜனவரி 2இல் தெருவில் இறங்கி ஆடும் ஆட்டம்.

அந்த அடிமைகள் ஆபிரிக்காவிலிருந்து மட்டும் வந்தவர்களில்லை. வங்காளத்திலிருந்தும், தென்னிந்தியக் கரைகளிலிருந்தும், ஜாவாவிலிருந்தும், இலங்கையிலிருந்தும் ஏற்றிச்செல்லப்பட்டவர்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1652இல் கேப்பில் கால்வைத்தது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இரு துறைமுகங்களுக்கும் ஒரே முதலாளி. கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் இன்றும் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தை அந்தக் கம்பனிக்காரர் 1749இல் கட்டத் தொடங்கினார்கள். கொம்பனித்தெருவில் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்தார்கள். கேப்டவுன்காரர் ஒருவரின் இடதுகையும் மட்டக்களப்புப் பறங்கிப் பெண்ணின் வலதுகையும் வெள்ளவத்தையில் சந்தித்ததற்குப் பின்னால் முந்நூறு வருடக் கப்பற் பாதை இருக்கிறது. கண்ணீரும் விலங்கும் ஏறிய பாதை. அதில் பயணப்பட்டவர்கள் கொண்டுபோக முடிந்தது தாளம் ஒன்றைத்தான்.

ரீச்சருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. 1963இல் டியூக் எலிங்டன் தன் இசைக்குழுவோடு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் கீழை நாடுகளைச் சுற்றிவந்தபோது கொழும்பிலும் வாசித்தார். ரீச்சர் போய்க் கேட்டவர். அந்த இரவு உடுத்த உடுப்பைக்கூடச் சொல்லுவார். அதே 1963இன் தொடக்கத்தில்தான், சூரிச் நகரின் ஒரு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்த டொலர் பிராண்டை எலிங்டன் கேட்டார். வந்து கேளுங்கள் என்று அவரை அழைத்துவந்தவர் பாடகி சதிமா பீ பெஞ்ஜமின், பின்னாளில் பிராண்டின் மனைவி. கேட்ட எலிங்டன் பாரிசுக்கு அழைத்துப்போய் ஒலிப்பதிவு செய்வித்தார்; பிராண்டின் வாழ்க்கை அதோடு மாறியது. சில மாதங்கள் கழித்து அதே எலிங்டன் கொழும்பு மேடையில். இதை நான் கனடா வந்த பிறகு படித்தறிந்தேன். அறிந்தவுடன் சொல்லவேண்டும் என்று மனம் பறந்தது அந்த மதிலடிக்குத்தான். ரீச்சர் அப்போது மெல்பேர்ணில், முதுமையில். சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956க்குப் பிறகு அலையலையாகப் புறப்பட்ட பறங்கிக் குடும்பங்களின் கடைசி ஆட்களில் அவரும் ஒருவர்.

1983 யூலை 25, திங்கட்கிழமை. தமிழர்மேல் வன்முறை பாய்ந்த அந்த நாளைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலுக்குள் காலி வீதியில் புகை. எங்கள் ஒழுங்கைக்குள் கூட்டம் வந்தபோது ரீச்சர் எங்கள் ஐந்து பேரையும் தன் வீட்டுக்குள் எடுத்து, பியானோ இருந்த அறையில் இருத்திக் கதவைப் பூட்டினார். எங்கள் வீடு எரிகிற சத்தத்தை அந்த அறையிலிருந்து கேட்டோம். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், அதன்பின் காங்கேசன்துறைக்குப் போன கப்பல். கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீடும் தப்பவில்லை. அண்ணா ஜெர்மனிக்குப் போனார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் சில காலம், பிறகு மதராஸ், பிறகு கனடா.

கேப்டவுனிலும் இப்படி அழிக்கப்பட்ட ஓர் இடம் உண்டு: அப்துல்லா இப்ராஹிமின் இசை தவழ்ந்த இடங்களில் ஒன்றான டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் வட்டாரம். அங்கே கறுப்பர், மலாயர், இந்தியர், யூதர், கலப்பினத்தார் எல்லாரும் ஒரே முடுக்குகளில் இருந்தார்கள். 1966 பெப்ரவரி 11ஆம் திகதி நிறவெறி அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மணல்வெளிக் குடியிருப்புகளுக்குத் துரத்தப்பட்டார்கள். வீடுகளை இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் தனித்து நின்றன. மொன்மார்த்ரவில் அவர் வாசித்த இரவில் அந்த இடிப்பு நடந்துகொண்டிருந்தது. 1960இல் ஷார்ப்வில்லில் பொலிஸார் 69 பேரைச் சுட்டுக் கொன்ற பின் ஜாஸ் கூடிய இடங்களெல்லாம் ஒடுங்கின. 1962இல் அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். தட்டில் 'கிப்பி' என்று ஒரு மெதுவான உருப்படி உண்டு. ஊரில் விட்டுவந்த சக கலைஞர், சக்ஸபோன் வாசித்த கிப்பி மொகெட்சியின் பெயரில். இவற்றை அறிந்தபின் அந்தத் தட்டு எனக்கு வேறொன்றாகிவிட்டது. இசைக்குழுவைக் கூட்டிக்கொண்டு போக முடியாத ஒருவர், தெருவையே இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். இடதுகை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

1990இல் அவர் நாடு திரும்பினார். 1994இல் மண்டேலா பதவியேற்ற விழாவில் வாசித்தார். எங்களுக்கு அப்படி ஒரு விழா வாய்க்கவில்லை. போர் முடிந்த பின் கொழும்புக்குப் போயிருக்கிறேன். வெள்ளவத்தையில் தமிழ் இன்னும் உரத்துக் கேட்கிறது. சவோய் திரையரங்கு நிற்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் பிட்டும் சம்பலும் கிடைக்கின்றன. ஆடிவேல் விழாவின் நினைவைப் பழையவர்கள் பேசுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் வளவோடு இருந்த வீடுகள் எல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. மதில்கள் உயர்ந்துவிட்டன. ஒரு வீட்டில் வாசிப்பது மற்ற வீட்டுக்கு எட்டாத உயரம். குறைகிறது என்று முதலில் சொன்னேனே, அது இந்த எட்டுதல்தான். ரொறொன்ரோவில் காதுக்குள் கருவி வைத்துக் கேட்கும்போது அந்த இசை எனக்கு மட்டும் கேட்கிறது. வெள்ளவத்தையில் அது மதிலேறிப் போனது. போய், பறங்கிப் பெண்ணின் பியானோவில் ஏறி, கபிரிஞ்ஞாவாகி, எங்களுக்கே திரும்பிவந்தது. கொட்டாஞ்சேனையில் ஆர்மோனியத்தில் ஏறி ஞாயிற்றுப் பூசைக்குள் நுழைந்தது. கேட்பவர் ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைச் சேர்த்துக் கொடுத்த இசை அது. அப்படிக் கேட்ட மனிதர்களுக்காகத்தான் ஏங்குகிறேன்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. பெரியம்மா செவ்வாய்தோறும் போன கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. ஜெர்மனியிலிருந்து அண்ணா தொலைபேசியில் எடுத்து அழுதார். அதன்பின் நெடுநாள் என்னால் அந்த இரண்டாம் பக்கத்தைப் போட முடியவில்லை. பிறகு ஒருநாள் அண்ணாவே சொன்னார்: "போடு. அதை வாசித்தவனும் இடிந்த ஊரிலிருந்து வந்தவன்தான்." போட்டேன். தொலைபேசியில் இருவரும் சேர்ந்து கேட்டோம். ஈஸ்டர் மகிழ்ச்சி என்று அவர் பெயரிட்ட அந்த மெட்டு, இழப்பு தெரியாத ஒருவர் வாசித்ததாக எனக்குப் படவில்லை. எல்லாம் தெரிந்தும் கொண்டாடத் துணிந்த மனம் அதில் இருக்கிறது.

ஏக்கம் என்பது திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு முடியவேண்டியதில்லை என்று எனக்குக் கற்பித்தது இந்தத் தட்டு. விட்டுவந்ததைக் கைக்குள் வைத்து வாசிக்கலாம். வாசித்தால் அது அந்நிய ஊரிலும் ஒரு மதிலைத் தாண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றும் பிள்ளைகள் பியானோ படிக்கிறார்கள். பரீட்சைக்காக பாக்கையும் மொசார்ட்டையும் ஒழுங்காக வாசிக்கிறார்கள். நல்லது. அவர்களில் ஒருத்தி, சான்றிதழ் வாங்கிய பிறகு, வேல் விழாத் தவிலின் நடையையும் மாஞ்சாவின் ஆறு எண்ணிக்கையையும் அந்தோனியார் கோவில் பாட்டையும் தன் இடதுகைக்குக் கற்பிக்கவேண்டும். தன் ஊர்ச் சனம் கூடியிருக்கும் ஒரு மண்டபத்தில், தனியே அமர்ந்து, நிறுத்தாமல் வாசிக்கவேண்டும். இருமலும் கதிரை இழுக்கும் சத்தமும் ரயிலும் உள்ளே கேட்கும்படி அதை அப்படியே ஒலிப்பதிவு செய்யவேண்டும். எரிந்துபோன தட்டின் பிரதி எனக்கு வேண்டாம், கொழும்பின் பெயரில் வரப்போகும் அந்தத் தட்டை வாங்குவதற்கு உயிரோடிருக்க விரும்புகிறேன்.